யாருக்கோ போட்ட இலை

மஸ்கட்டிலிருந்து ஏழுமலையின் பெட்டியை அவர் வீட்டில் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. உடல் இரண்டு வாரத்துக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்து அடக்கமும் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்குள் பெட்டி வந்தால் நல்லது என்று அவருடைய மச்சான் முருகன் போனில் கேட்டிருந்தார். ஏழு வருடம் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்கள் நாங்கள். தூக்கத்திலேயே அவர் போன அன்று காலை, அவருடைய அலாரம் அடித்து அடித்து ஓய்ந்த பிறகுதான் நான் திரும்பிப் பார்த்தேன். அந்தக் குறை எனக்குள் இருந்தது. மறுபேச்சில்லாமல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். விழுப்புரம் எனக்கு ரயில் ஜன்னலோடு சரி. ஜங்ஷனில் வண்டி நின்றால் வடை வாங்குவேன், அதற்குள் வண்டி நகர்ந்துவிடும். அந்த ஊருக்கும் எனக்கும் இருந்த உறவு ஏழுமலை மட்டும்தான். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் சைவம். ஏழுமலைக்கு அது தீராத கிண்டல். "அண்ணாச்சி, மீனு துன்னாத வாய்க்கு எதுக்கு முப்பத்திரண்டு பல்லு?" என்பார்.

பெங்களூரில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது நன்றாகத் தூங்கிப்போனேன். கண் விழித்தால் ஏறச் சொல்லி அறிவிப்பு. தோசை வாசனையை மூக்கில் வாங்கிக்கொண்டே ஓடினேன். இரண்டு பக்கமும் விசிறி சுற்றும் சின்ன விமானம். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், அதோடு சரி.

விழுப்புரத்துக்குக் கிட்டத்தில் இறங்க வசதியான அந்த விமான நிலையம் எங்கள் தாலுகா பஸ் ஸ்டாண்டில் பாதிகூட இருக்காது. பத்தே நிமிடத்தில் கூட வந்தவர்கள் எல்லோரும் கார் ஏறிப் போய்விட்டார்கள். பெல்ட்டில் என் பெட்டியும் ஏழுமலையின் பெட்டியும் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டையும் இழுத்துக்கொண்டு சாப்பிட என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒரே ஒரு கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் முட்டை பப்ஸ், கோழி வைத்த ரொட்டி, பிஸ்கட் பாக்கெட்டுகள்.

"வெஜ் பப்ஸ் காலைலியே தீந்துடுச்சிங்க" என்றார் கடையில் இருந்த அம்மாள்.

பிஸ்கட்டும் காபியும் கேட்டேன். அவர் இரண்டு கோப்பைகளை எடுத்து மெஷினுக்கு அடியில் வைத்தார்.

"ஒண்ணு போதும்மா."

"கூட வந்தவருக்கு வேணாங்களா?"

"நான் தனியாத்தான் வந்தேன்."

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "இல்லியே, பெட்டிய புடிச்சிக்கினு ஒருத்தர் நின்னாரே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இரண்டாவது கோப்பையை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார். நானும் திரும்பிப் பார்த்தேன். பெட்டிதான் நின்றது. இரண்டு பெட்டியைப் பார்த்து இரண்டு பேர் என்று நினைத்திருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டேன். பிஸ்கட் என் பசிக்குக் கடலில் கரைத்த பெருங்காயம்.

முருகனுக்குப் போன் போட்டேன். பசியில் குரலே கம்மியிருந்தது போலும். அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"வழியில ஒண்ணும் சாப்புடாதீங்க சார். ஓட்டல்ல துன்னு வயித்த கெடுத்துக்காதீங்க. வூட்ல சமையல் நடந்துக்கினு இருக்குது. நீங்க வந்ததும் எல போட்டுடலாம்."

கார் ஓட்டி வந்த சேகர் விழுப்புரத்துக்காரர். கார் கேஸில் ஓடுவது, பின்னால் சிலிண்டர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. என் பெட்டியை மட்டும் அங்கே நெருக்கித் தள்ளிவிட்டு, ஏழுமலையின் பெட்டியைப் பின் சீட்டில் நிமிர்த்தி வைத்தார். நான் முன்னால் உட்கார்ந்தேன். விழுப்புரத்துக்குள் நுழைந்ததும் ஓட்டல் மாற்றி ஓட்டல் வந்தது. இட்லி ஆவி, பொங்கல், பூரி. முருகன் சொன்னதை நினைத்துக்கொண்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். என்னைப் போல ஒரு முட்டாள் இருக்க முடியாது.

காணையைத் தாண்டியதும் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டின் குறுக்கே குப்புறக் கிடந்தது. அடிபட்டவர் யாருமில்லை. ஆனால் கரும்பை அள்ளி முடிக்காமல் ஒரு வண்டியும் நகராது. முருகனைக் கூப்பிட்டு, வந்து சேர மத்தியானம் மூன்று மணி ஆகிவிடும் என்றேன். "பொறுமையா வாங்க சார்" என்று சொல்லும்போதே சிக்னல் போய்விட்டது.

புளியமரத்தடியில் ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றைச் சீவி நீட்டினார். இன்னொன்றையும் சீவி, காரின் பின் ஜன்னல் பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றார்.

"உள்ள இருக்கறவரு வாங்கிக்க மாட்டேன்றாரே" என்றார் என்னிடம்.

"உள்ள யாரும் இல்ல" என்றேன். அவர் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு அந்த நுங்கைக் கூடையில் வைத்துவிட்டார். மற்றவர்களுக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டு அரிவாளைத் துடைக்க ஆரம்பித்தார்.

சேகர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், பெட்டி யாருதுங்க?" என்றார்.

சொன்னேன். அவர் பின் சீட்டைக் காட்டும் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். அதற்குப் பிறகு கிராமத்து வழிகளாகப் புகுந்து புகுந்து ஓட்டினார். "ரோடு பேஜாரு சார், ஆனா ஜல்தியா போயிடலாம்" என்றார். வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. என் பிடரி மட்டும் ஜில்லென்று இருந்தது.

அனந்தபுரத்துக்கு முன்னால் இருக்கும் அந்தக் கிராமத்தின் எல்லைக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. அங்கே டயர் பஞ்சர். "நீங்க நடந்துடுங்க சார். நான் டயர மாத்திக்கினு ஊர் முனையில நிக்கிறேன்" என்று சேகர் பெட்டியை இறக்கி வைத்தார். இறக்கியதும் கையை வேட்டியில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டார்.

முருகன் அனுப்பிய இடக்குறியை வைத்துப் போனில் வழி பார்த்தேன். மல்லாட்டைக் கொல்லை வரப்பு வழியாக அது என்னை அழைத்துப் போயிற்று. நாங்கள் கடலை என்போம், இவர்களுக்கு மல்லாட்டை. ஏழு வருடம் ஏழுமலையோடு இந்த ஒரு வார்த்தைக்கு மட்டுமே நூறு சண்டை போட்டிருப்பேன். வரப்பு ஒரு வீட்டின் பின்புறத்தில் முடிந்தது. தண்ணீர்த் தொட்டி, துவைக்கிற கல், கொடியில் ஈரப் புடவை. பின்கதவு திறந்திருந்தது.

"முருகன்... முருகன்..." என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. வீட்டின் ஓரச் சந்து வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தேன். ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை. ஆள் இல்லை, நாய் இல்லை. கோழிகள்கூட எங்கேயோ அடைபட்டிருந்தன. உச்சிவெயிலில் அப்படி ஒரு ஊரை நான் பார்த்ததில்லை. எல்லோரும் இப்போதுதான் எழுந்து போனது போலவும், யாரோ வருவதற்காக ஒதுங்கி நிற்பது போலவும் இருந்தது.

பெட்டியைத் தொட்டி ஓரம் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். முன்கதவு வெளியே சாத்தியிருந்தது. கூடத்தின் நடுவில் மணை போட்டு, அதற்கு முன்னால் நுனி வாழை இலை. சோற்றில் ஆவி பறந்தது. சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல், வடை, பாயசம், ஒரு உருண்டை கேப்பைக் களி, பக்கத்தில் மல்லாட்டைத் துவையல். சொம்பில் தண்ணீர். ஓரத்தில் தட்டுப் போட்டு மூடிய ஒரு கிண்ணம். திறந்தேன். மீன் குழம்பு, மூன்று துண்டு. நான் சைவம் என்பதை மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்துத் தட்டை மறுபடி மூடி ஓரமாக நகர்த்தினேன்.

எனக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்பீர்கள். காரியம் நாளைக்குத்தானே. எங்கள் பக்கம் இறந்தவருக்குப் படைப்பதென்றால் படம், விளக்கு, கோடித் துணி எல்லாம் இருக்கும். இங்கே ஒன்றும் இல்லை. முருகன் எனக்கு இலை போடுவதாகச் சொல்லியிருந்தார், இலை போட்டிருந்தது. மூன்று மணி என்று நானே சொன்னதைப் பசி மறக்கடித்துவிட்டது. மூன்று தரம் கூப்பிட்டேன். நான்காவது தரம் கூப்பிடப் பொறுமை இல்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்படி ஒரு சாப்பாட்டை நான் சாப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ஆனால் சாப்பிடும்போது எதிரில் யாரோ உட்கார்ந்து பார்ப்பது போலவே இருந்தது. நிமிர்ந்தால் வெறும் சுவர். கெட்ட பார்வையாகத் தோன்றவில்லை, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்கிற மாதிரி. பயமாகவும் இருந்தது, கை நிற்கவும் இல்லை. பாயசம் வரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இலையை என் பக்கமாக மடித்து வைத்தேன். துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? பழக்க தோஷம், கை தானாக மடித்துவிட்டது.

தொட்டியில் கை கழுவிக்கொண்டிருக்கும்போது முன்பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நிறையக் காலடிகள். அப்புறம் ஒரு பெண்ணின் அலறல்.

"எல மடிச்சிருக்குது! ஐயோ, எல மடிச்சிருக்குது பாருங்க!"

"வாசல்ல தூவின சாம்பல்ல ஒரு அடிகூட இல்லியே!"

"தன் பக்கமா மடிச்சிருக்காரு கலா! கோவம் போயிடுச்சி! ரெண்டு வருசமா மனசுல வச்சிக்கினு இருந்தது போயிடுச்சி!"

ஈரக் கையோடு அப்படியே நின்றேன். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. காரியத்துக்கு முந்தின நாள் நடு வீட்டில், அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், பிடித்ததையெல்லாம் படைத்து, ஆள் யாரும் நுழையவில்லை என்று தெரிய வாசலில் சாம்பல் தூவி, தெருவையே காலி செய்துவிட்டு இறந்தவரைச் சாப்பிட விடுவது இவர்கள் வழக்கம். நான் சாப்பிட்டது ஏழுமலையின் இலை.

கோபம் என்று அவர்கள் சொன்னதும் முருகன் போனில் சொல்லி எனக்குத் தெரிந்த கதைதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் விடுப்பு முடிந்து கிளம்பிய அன்று, "நாம ரெண்டு பேருக்கு இருக்கற நெலம் போதாதா, போவாத" என்று மனைவி கலைவாணி அழுதிருக்கிறார். பேச்சு முற்றி, "உங்கையால இனிமே சாப்புட மாட்டேன்" என்று இலையைத் தள்ளிவிட்டு ஏழுமலை விமானம் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அவர் ஊருக்கு வரவே இல்லை. அவர் மன்னித்தாரா இல்லையா என்பது தெரியாமலே அந்தப் பெண் தாலியை இழந்தார். இன்றைக்கு அந்த இலைதான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பதிலைச் சொன்னது நான்.

உடனே உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது அதுவல்ல. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூனை மாதிரிச் சந்து வழியாகச் சுற்றி, முன்வாசலுக்கு வந்து, அப்போதுதான் வருகிறவனாக நின்றேன். கோழைத்தனம்தான். வாசற்படிக்கு வெளியே சலித்த சாம்பல் மாவு மாதிரி பரவியிருந்தது. ஆட்கள் அதை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி நடந்தார்கள்.

முருகன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். "மச்சான் வந்துட்டு போனாரு சார்! நீங்க கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நீங்களும் பாத்திருப்பீங்க!"

வாயைத் திறந்தேன். அப்போது கலைவாணியைப் பார்த்தேன். சுற்றி எல்லோரும் அழ, அவர் மட்டும் அழாமல் மடித்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உக்காருங்கண்ணா. பசியோட வந்திருப்பீங்க."

அவர் கையாலேயே இன்னொரு இலை போட்டுப் பரிமாறினார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கழுத்து வரை இருந்த சோற்றுக்கு மேல் இன்னொரு சோற்றைத் திணித்தேன். ஒவ்வொரு கவளமும் எனக்குத் தண்டனை.

"அங்க எம்மேல கோவமாவே இருந்தாராண்ணா?" என்றார் திடீரென்று.

பொய் சொல்ல மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அவரு வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லமாட்டாரும்மா. ஆனா இந்த ரெண்டு வருசம் மெஸ்ஸுல மீனத் தொடவே இல்ல. ஏம்யான்னு கேட்டா, அத வீட்டுல போயி சாப்பிட்டுக்கிடுதேன் அண்ணாச்சிம்பாரு."

கலைவாணி தலையை ஆட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனார். பதினைந்து நாளில் அக்கா ஒழுங்காகச் சாப்பிட உட்கார்ந்தது இன்றைக்குத்தான் என்று முருகன் காதோடு சொன்னார். நான் என் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் திண்டிவனம் போய் அறை எடுத்தேன். லாட்ஜுக்குக் கீழே பரோட்டாக் கடை, எதிரே டிபன் ஓட்டல், அதை ஒட்டி ஜூஸ் கடை. காலையில் ஒரு வாய் இட்லிக்கு அலைந்தவனுக்கு இப்போது ஊரே சாப்பாடாகத் தெரிந்தது, எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. மஸ்கட்டில் எங்கள் அறையில் ஒருவர் சாப்பிடாவிட்டால் மற்றவர் அவர் சாப்பாட்டை மூடி வைப்பார். மூடி வைத்ததை இன்னொருவர் தொடுவதில்லை. ஏழு வருடம் நான் காப்பாற்றிய அந்த நாணயத்தை அவர் வீட்டு நடுக்கூடத்திலேயே கெடுத்துவிட்டேன். சொன்னால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த நிம்மதி போய்விடும். சொல்லாவிட்டால் செத்துப்போன ஒருவரின் வேஷத்தை நான் காலம் முழுக்கப் போட்டுத் திரிய வேண்டும். யாரிடமிருந்து மறைத்தாலும் அவரிடமிருந்து மறைக்க முடியாது, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஏரிக்கரையில் காரியம் முடிந்தது. விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று சேகர் ஊர் முனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பெட்டியை வீட்டுக்குள் வைத்துவிட்டதில் அவர் முகம் தெளிந்திருந்தது. நான் கொல்லைப்புறம் போனேன். கலைவாணி தொட்டியருகே ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

"புளிசோறுண்ணா. அந்த ஏர்போர்ட்ல ஒண்ணும் கெடைக்காதுன்னு முருகன் சொன்னான்."

"கலா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. நேத்து அந்த எல..."

"தெரியும்ணா."

அவர் பொட்டலம் கட்டுவதை நிறுத்தவில்லை.

"அவரு ஒரு நாளும் எல மடிச்சதில்ல. துன்னா அப்படியே எழுந்து போயிடுவாரு. கட்டிக்கினு வந்த நாள்லருந்து நான்தான் மடிச்சேன். மடிச்ச எலய பாத்ததுமே வேற யாரோன்னு தெரிஞ்சிடுச்சி. அப்பால வந்து பாத்தா தொட்டிகிட்ட பெட்டி சக்கரம் உருண்ட தடம்." அவர் பொட்டலத்தின் நூலை இறுக்கினார். "ஊரே சந்தோசமா இருந்துச்சி. எதுக்கு கெடுக்கணும்னு உட்டுட்டேன். பசிச்சவரு துன்னதுல தப்பில்லண்ணா."

"மன்னிச்சிரு தாயி" என்றேன்.

"அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன். நீங்க சைவம்னு முன்னெல்லாம் அவரு போன்ல சிரிச்சிக்கினே சொல்லுவாரு. அவ்ளோ பசியா? மீனகூட துன்னுட்டீங்களே."

"மீனா? நான் தொடலையே. தொறந்து பாத்தேன், அப்படியே மூடி ஓரமா வச்சிட்டேன்."

அவர் கை நூலோடு நின்றது. என் முகத்தையே பார்த்தார். பொய் சொல்கிறேனா என்று தேடியிருக்க வேண்டும்.

"மூணு துண்டும் இருந்துச்சா?"

"மூணும் இருந்திச்சும்மா. நான் சாப்பிட்டு எந்திரிக்கையிலயும் தட்டு மூடித்தான் கெடந்திச்சு."

"நான் எடுக்கும்போதும் மூடினது மூடினபடிதாண்ணா இருந்துச்சி" என்றார் கலைவாணி. "உள்ள முள்ளு மட்டும்தான் கெடந்துச்சி."

பட்டப்பகலில் என் கைமயிர் எல்லாம் சிலிர்த்து நின்றது. தூரத்தில் சேகர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கலைவாணி துவைக்கிற கல்லின் மேல் மெதுவாக உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, பதினாறு நாளில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதார்.